சொந்த ஊர், தாய்மொழி, மற்றவை

எக்செல் தெரிந்த பாவத்துக்கு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. நாற்பத்தெட்டு வீடுகள். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் இருக்கிறவள் சும்மாதான் இருப்பாள் என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் எல்லோருக்கும் உள்ள அசைக்க முடியாத நம்பிக்கை.

விவகாரம் தண்ணீர்த் தொட்டியில் தொடங்கியது. மொட்டைமாடித் தொட்டியைக் கழுவும் நாளில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை யாரும் குழாயைத் திறக்க வேண்டாம் என்று லிஃப்டுக்குள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். மூன்றாவது மாடியில் புதிதாக வாடகைக்கு வந்திருந்த ஒரு வடநாட்டுப் பெண் (அப்படித்தான் எல்லோரும் சொன்னோம்) அன்று குழாயைத் திறந்து, ப்ளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரில் தன் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்து, கண் எரிச்சலில் அலறி, பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளையாகப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரம் சங்கக் கூட்டம் கூடியது. "இந்தியில ஒட்டியிருந்தா இது நடந்தே இருக்காது" என்றார் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர். அவர் பத்து வருடம் புனேயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். "இது என்ன ரயில்வே ஸ்டேஷனா, மூணு மொழியில எழுதி வைக்க?" என்று எழுந்தார் தரைத்தளத்துக்காரர். பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் இருவரும் தேசத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருந்தார்கள். குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செயலாளர் கையைத் தூக்கினார். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சண்டைக்கும் ஒரு படிவம் தயாரித்தால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

"முதல்ல நம்ம காம்ப்ளெக்ஸ்ல யார் யார், எந்த ஊர், என்ன மொழின்னு ஒரு கணக்கு எடுப்போம். மெஜாரிட்டி என்னவோ அதன்படி செய்வோம். மேடம், நீங்கதான் எக்செல்ல பிரமாதமா பண்ணுவீங்களே."

மறுநாளே படிவம் வாட்ஸப்பில் வந்துவிட்டது. வீட்டு எண், சொந்தமா வாடகையா, சொந்த ஊர், தாய்மொழி. கடைசியாக ஒரு கட்டம்: சமூகம். நான் உடனே அவருக்குப் போன் செய்தேன்.

"சமூகம் எதுக்கு சார்?"

"இருக்கட்டும் மேடம். ஒரு இன்ஃபர்மேஷனுக்கு."

"என்ன இன்ஃபர்மேஷன்?"

"நாளைக்கு யாராவது கேட்டா சொல்லலாம் பாருங்க."

"யார் சார் வந்து கேப்பாங்க?"

"போகப் போகப் பாத்துக்கலாம் மேடம்" என்று வைத்துவிட்டார்.

முதலில் என் வீட்டையே நிரப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேயே தடுக்கி விழுந்தேன். நான் நாகர்கோவில். என் கணவர் கோவில்பட்டிப் பக்கம். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஆந்திராவிலிருந்து வருகிற யாருக்கும் முழுசாகப் புரியாத ஒரு தெலுங்கு.

"தமிழ்னே போடு" என்றார் அவர்.

"அத்தைகிட்ட போன்ல என்ன பேசுறீங்க?"

"அது வீட்டுப் பேச்சு. எனக்கு அதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது. எழுதத் தெரியாததை எப்படி என் மொழின்னு எழுதுறது?"

நான்காம் வகுப்பு படிக்கும் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் என்று தட்டச்சு செய்ததைப் பார்த்து, "நான் அங்க லீவுக்குத்தானேம்மா போவேன்?" என்றாள். அன்றைக்கு மடிக்கணினியை மூடிவிட்டேன்.

அடுத்த பத்து நாள் சாயங்காலங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். முதல் மாடியில் மதுரையிலிருந்து வந்த ஒரு தம்பதி. கணவர் கதவைத் திறந்ததும், "தமிழ்னு போடுங்க மேடம்" என்றார். உள்ளேயிருந்து மனைவி, "ஏன் சௌராஷ்டிரான்னு சொன்னா என்னவாம்? வீட்டுல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பேசுறது என்னது?" என்று கேட்டார். "மதுரைக்கு வந்து முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் வெளியூர்க்காரன்னு எழுதிக் குடுப்பியா?" என்று இவர் திரும்பினார். அதற்குமேல் இருவரும் தங்கள் மொழியில் தொடர்ந்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கதவை நானே மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

நான்காம் மாடியில் ஒருவர் எல்லாக் கட்டத்துக்கும் அழகாகப் பதில் சொன்னார். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே, "முதல்ல நீங்க என்ன ஆளுங்கன்னு சொல்லுங்களேன்" என்றார். அவர் வீட்டுக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். படி இறங்கும்போதே செல்போனில் அந்தக் கடைசிக் கட்டத்தை மொத்தமாக அழித்தேன்.

மூன்றாவது மாடிப் பெண்ணின் வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன், வெட்கத்தில். அவள் கணவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பள்ளி நாட்களில் டியூஷன் போய்ப் படித்த என் இந்தியைத் தூசி தட்டி இரண்டு வாக்கியம் சேர்த்துவைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். இடுப்பில் குழந்தையோடு வந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்தவள் தமிழில் பதில் சொன்னாள்.

"அக்கா, நானு ஒடியா. ஹிந்தி கொஞ்சம் பேசும். படிக்க வராது. ஒடியாதான் படிப்பேன்."

எந்தப் பெண்ணுக்காக முக்கால் மணி நேரம் இந்தி வேண்டும் வேண்டாம் என்று கத்தினார்களோ அவளுக்கு அந்த நோட்டீஸை இந்தியில் ஒட்டியிருந்தாலும் ஒன்றுதான்.

"பாப்பா எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இப்போ நல்லா கீதுக்கா."

"இவ்வளவு தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது?"

"கூட்ற அக்கா. அந்த அக்காதான் எல்லாம் சொல்லும். தண்ணி வராது, கரெண்டு வராது, எல்லாம். அன்னைக்கி அக்கா வரலே. யாரும் சொல்லலே."

எங்கள் குடியிருப்பைக் கூட்டித் துடைக்கும் பெண்ணைத்தான் சொன்னாள். அவரை அப்போதே படிக்கட்டில் பிடித்தேன். வாளியை வைத்துவிட்டு, "இன்னாம்மா, எல்லா ஊட்டாண்டயும் போயி இன்னாத்த எழுதிகினு கீறே?" என்றார். தொட்டி கழுவிய நாளைப் பற்றிக் கேட்டேன்.

"அன்னிக்கி எம்மவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு லீவு போட்டேன். செக்ரட்டரி கைல சொல்ட்டுதாம்மா போனேன். மூணாவது மாடிப் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது, கதவத் தட்டி ஒரு வார்த்த சொல்லிடு சாருன்னேன். அதான் நோட்டீசு ஒட்டிகிதேன்னாரு."

அவர் என் செல்போனை எட்டிப் பார்த்தார்.

"இதுல எங்கள எழுதலியா?"

"இங்க குடியிருக்கறவங்களை மட்டும்தான்க்கா."

"நீங்கல்லாம் எங்கெங்கியோ இருந்து வந்து கீறீங்க. எங்க நைனா இந்த எடத்துலதான் ஏரு ஓட்டுச்சி. தோ, ஜெனரேட்டர் கீது பாரு, அங்க பம்புசெட்டு இருந்திச்சி. நெலம் யாருதோ. எங்காளுங்க கூலிக்கு செஞ்சாங்க. இப்ப நா இங்க மாப்பு போட்டுகினு கீறேன்." வருத்தமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லிக்கொண்டே துடைப்பானைப் பிழிந்து அடுத்த படிக்கு நகர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். நான் பட்டியலைக் கொடுத்தேன். செயலாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சமூகம் கட்டத்தைக் காணோமே?" என்றார்.

"அழிச்சுட்டேன் சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் புனேக்காரர் பட்டியலை வாங்கி, இந்தி தெரிந்திருக்கக்கூடியவர்கள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். தரைத்தளத்துக்காரர் அந்த எண்ணிக்கையை ஆட்சேபித்தார். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு இந்தி படிக்கவே வராது. ஒடியாதான் படிப்பா. பேசுறது தமிழ். நம்மள்லதான் யாரும் அவகூடப் பேசினதில்லை. சார், கதவைத் தட்டிச் சொல்லச் சொல்லி உங்ககிட்ட முன்னாடியே சொன்னாங்களா இல்லையா?"

செயலாளர் காகிதத்தை மடித்தார். "நோட்டீஸ் ஒட்டியாச்சு மேடம். ஒவ்வொரு கதவாப் போய்த் தட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

"அப்போ ஒடியாவிலயும் ஒட்டலாமே" என்றார் புனேக்காரர்.

"ஒடியாவுல ஒட்டினா பெங்காலி கேப்பான்" என்றார் தரைத்தளத்துக்காரர்.

நான் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் வாட்ஸப்பில் முடிவானது: எழுத்தே வேண்டாம், குழாய்ப் படம் போட்டுக் குறுக்கே கோடு அடித்து ஒட்டலாம். கோடு சிவப்பா கறுப்பா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். அடுத்த முறை தொட்டி கழுவிய காலையில் அந்தப் படம் லிஃப்டில் இருந்தது. கூட்டும் அக்காவும் வழக்கம்போலக் கதவு கதவாகத் தட்டினார். நானும் கூடப் போனேன். மூன்றாவது மாடியில் ஒடியாப் பெண் வாளிகளை முன்பே நிரப்பித் தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எதிர் வீட்டைக் காட்டி, "அங்க நானே சொல்ட்டேன்கா" என்றாள்.

பிறகு செயலாளர் இறுதிப் பட்டியலை மின்னஞ்சலில் கேட்டார். நான் நாற்பத்தொன்பதாவதாக ஒரு வரிசை சேர்த்து அனுப்பினேன். சொந்த ஊர்: சென்னீர்குப்பம். தாய்மொழி: தமிழ். வீட்டு எண் காலி. அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"மேடம், வீட்டு எண் இல்லாம எப்படிச் சேர்க்கிறது? டோட்டல் இடிக்குதே."

"சொந்த ஊர்னு கேட்டதுக்கு இதே ஊரைச் சொன்னவங்க அவங்க ஒருத்தர்தான் சார்."

"அது சரிதான் மேடம். ஆனா ஃபார்மட்னு ஒண்ணு இருக்கு இல்லையா?"

நான் போட்ட சத்தத்தில் என் கணவர் ஓடி வந்து பால்கனிக் கதவைச் சாத்தினார். செயலாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த ஒரு வரிசையை மட்டும் நீக்கி, சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பிட்டு, அன்று மாலையே குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார்.