எட்டு லிங்கமும் நாலு ஹெல்மெட்டும்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நம் கோச் ஏழுமலை சார் இன்று காலை காலமானார் என்று ஒரே வரி. எங்கள் கல்லூரிக் குழுவில் ஏற்கெனவே இரண்டு பேரை உயிரோடு இருக்கும்போதே சாகடித்திருக்கிறார்கள். அதனால் நான் நம்பவில்லை. அவர் எண்ணுக்கே அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்து, "நெஜந்தாங்க சார். நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்" என்றார். சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். அந்தக் குணத்தால் அவருக்கு நான் செய்ததையும் சேர்த்தே இங்கே எழுத வேண்டும்.

திருவண்ணாமலையில் எங்களுடையது சின்னக் கல்லூரி. நான் இயற்பியல் துறை. விளையாட்டுக் குழுப் பொறுப்பும் என் தலையில் இருந்தது. ஏழுமலை தற்காலிக உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். மலைப் பக்கம் வீடெடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்த முட்டை வடிவப் பந்தை ஒரு நாள் எடுத்து வந்தார்.

"இது அமெரிக்கன் ஃபுட்பால் சார். காலால ஒதைக்கறது கம்மி. கையில புடிச்சிகினு ஓடறது ஜாஸ்தி."

"அப்புறம் ஏன்யா ஃபுட்பால்னு பேரு?"

"அத அவங்களத்தான் சார் கேக்கணும்."

இவர் நம்மை ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். ஆனால் செல்போனில் பார்த்தே விதிகளைக் கற்றுக்கொண்டார். கபடி ஆடிய மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஓர் அணியைக் கட்டினார். நம் மாவட்டத்தில் வேறு யாரும் அதைச் செய்திருக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஒருவர் சங்கேதமாகக் கத்த வேண்டும். எண்களை வைத்துக் கத்தினால் மாணவர்கள் குழம்பினார்கள். கிரிவலப் பாதையின் அஷ்ட லிங்கங்களை வைத்துக்கொள்ளலாமே என்றேன் நான். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். எதிரணி நிற்பது வடக்கு என்று கொண்டால், நேரே ஓட குபேர லிங்கம், வலப்பக்கம் சாய்ந்து ஓட ஈசானிய லிங்கம். மறுநாளே மாணவர்கள் பிசகாமல் ஓடினார்கள். "சூப்பர் சார், மூளைன்னா இதான்" என்றார் ஏழுமலை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் போட்டி வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுடன். அதில் அணி நன்றாக ஆடினால் அவர் வேலையை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. முந்தின நாள் பேருந்து நிலைய டீக்கடையில் அவர் எதிரணிக் கோச்சோடு தலையை ஒட்டிக்கொண்டு பேசுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். அந்த ஆட்டத்துக்கு ஹெல்மெட் கட்டாயம்; மறுநாள் நம் மாணவர்கள் நால்வர் தலையில் மட்டும் வேறு நிற ஹெல்மெட். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "கெடச்சுது சார்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

ஆட்டத்தில் நாங்கள் ஈசானியம் என்று கத்தினால் எதிரணி அங்கே போய் நின்றது. குபேரன் என்றால் நடுவில் சுவர் எழுப்பியது. ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை நாங்கள். சங்கேதத்தை விற்றுவிட்டார், அதற்குக் கூலிதான் நாலு ஹெல்மெட் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அன்றே நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மறு வருடம் தேர்வுப் பணிக்காக அந்தக் கல்லூரிக்குப் போனேன். அன்று ஆடிய மாணவர் ஒருவர் கண்ணில் பட்டார். எங்கள் சங்கேதத்தை யார் சொன்னது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"யாரு சார் சொல்லணும்? எனக்கு ஊரு அடி அண்ணாமலை. எங்க கட வாசல்லதான் பௌர்ணமிக்கு மொத்த ஜனமும் போவுது. எந்த லிங்கம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா? ரெண்டாவது தடவ கத்தும்போதே புரிஞ்சிடுச்சி."

பௌர்ணமிதோறும் லட்சம் பேர் சுற்றி வரும் பாதையை ரகசியம் என்று வைத்தவன் நான்.

ஏழுமலை அப்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு இருந்தார். நான் போனபோது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் என்று ஆரம்பித்ததுமே, "தெரியும் சார்" என்றார். "ஹெல்மெட்டு நாலுன்னு கரெக்டா எழுதியிருந்துச்சாம். எண்ணிப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தான். நம்ம பசங்களுக்குப் பத்தலன்னு அவங்க கோச்சாண்ட இரவல் கேட்டு வாங்கினேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி."

"தெரிஞ்சும் ஏன் என்னை வந்து கேக்கல?"

சுண்ணாம்புக் கையைத் தட்டிக்கொண்டார். "நானும் உங்களத்தான் சார் சந்தேகப்பட்டேன். பேரு வெச்சவரே நீங்கதான, நீங்கதான் போய் சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன். ஆனா ஒருத்தருக்கு வேல போற விஷயம். கண்ணால பாக்காம எப்படி சார் சொல்றது?"

அவர் மறுபடி கோடு போடக் குனிந்தார். நிர்வாகத்திடம் நான் நேரில் போய் ஒப்புக்கொண்டிருக்கலாம். என் வேலையை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அவரும் கடைசிவரை அந்தப் பள்ளியிலேயே இருந்துவிட்டார்.

நேற்று சுடுகாட்டில், கூட வேலை பார்த்தவர் என்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நல்ல மனுஷர் என்றேன். அதோடு முடித்துக்கொண்டு ஒதுங்கினேன். அழுகை என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொடுத்தார். அவருடைய மனைவி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரிடம் ஏழுமலை சொல்லியிருக்கவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

அம்மா, இதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழுமலை சார், போய் வாருங்கள். உங்கள் வேலையைப் பறித்தவன் நான்தான்.

கு. தட்சிணாமூர்த்தி
இயற்பியல் துறை