தீர்த்தம் பட்ட எஞ்சின்

1959ஆம் வருடம் ஆகஸ்ட் பதினைந்து சனிக்கிழமையில் வந்தது. காலையில் கொடியேற்றம், அதையடுத்து கோயிலில் மாதா திருநாள் பூசை, அது முடிந்ததும் எங்கள் பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டு வாசலில் வண்டி மந்திரிப்பு என்று ஒரே நாளில் மூன்று விசேஷங்கள்.

வண்டி அக்கா வீட்டுக்காரருடையது. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். யுத்தத்தில் ஆம்புலன்ஸாக ஓடி, பிறகு ஏலத்தில் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்த பெட்ரோல் வண்டி. நோயாளிகளைக் கிடத்தும் பலகைகளைப் படுக்கையாக்கி, பின்பக்கம் ஸ்டவ் வைக்க ஒரு தட்டு அடித்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தார். செப்டம்பர் எட்டாம் தேதித் திருநாளுக்குக் குடும்பத்தோடு இதிலேயே வேளாங்கண்ணி போய், இதிலேயே சமைத்து, இதிலேயே தூங்கி வரவேண்டும் என்பது அவர் கனவு. புறப்பாடு ஐந்தாம் தேதி, சனிக்கிழமை காலை.

பங்கு ஃபாதர் தீர்த்தச் செம்போடு வந்தபோது மாமா பானெட்டைத் திறந்து வைத்தார்.

“மேல தெளிச்சா போதும்பா,” என்றார் ஃபாதர்.

“பெயிண்டா ஃபாதர் ஓடப்போகுது? எஞ்சினுக்கும் கொஞ்சம் போடுங்க.”

ஃபாதர் தாராள மனசுக்காரர்.

திங்கட்கிழமை காலையிலிருந்து எஞ்சின் விக்க ஆரம்பித்தது. சீராக நாலு சுற்று ஓடும். பிறகு ஒரு குலுக்கல், புகைக்குழாயில் ஒரு ‘டப்’. மேட்டில் ஏறும்போது மூச்சே நின்றுவிடும். ஆனால் மத்தியான வெயில் ஏறிவிட்டால் தையல் மெஷின் மாதிரி ஓடும். மறுநாள் காலை பழைய கதைதான்.

பள்ளிக்கூட டீச்சரான அக்கா பொறுத்துப் பார்த்தாள். ரெண்டாம் வாரம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“பொறப்படற சனிக்கிழமை காலையில இது இருமாம ஓடணும். இருமுச்சுன்னா நானும் பிள்ளைங்களும் ரயில்ல போறோம். வண்டிய டிப்போக்காரருக்குக் குடுத்துடுங்க.”

டிப்போக்காரர் என்பவர் எதிர் வீதியில் விறகு டிப்போ வைத்திருந்தவர். தினமும் காலையில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, கன்னடமும் தமிழும் கலந்து துக்கம் விசாரிப்பார். “ஏன் சார், இன்னும் சரி ஆகலயா? பரவாயில்ல விடுங்க சார், விறகு ஏத்தறதுக்கு இவ்ளோ ஓடினா சாக்கு, போதும்.” மாமா ஸ்பேனரைக் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைப்பார்.

மாமா தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்தார். நான் ஆபீஸ் குமாஸ்தா. எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது. இருவரும் ஒழுங்காகவே துப்புத் துலக்கினோம். எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக, காய்ந்த துணி சுற்றிய கையால் கழற்றிப் பார்ப்பது முதல் வேலை. நல்ல சிலிண்டருடைய ஒயரைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறும். கழற்றியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால், அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துப் பக்கத்து ஒயர்கள் ரெண்டு அப்படி அகப்பட்டன. பிளக்கை மாற்றினோம். ஒயரை மாற்றினோம். கார்புரேட்டரை ஒரு காரணமும் இல்லாமல் கழுவினோம்.

கடைசியில், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கு போடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் சந்தேகம் விழுந்தது. பொறி தெரிய இருட்டு வேண்டும் என்பதற்காகக் காலையிலேயே பானெட்டுக்குள் தலையை விட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டோம். பால் வாங்க வந்த அக்கா கண்ணுக்கு நாலு கால்கள் மட்டும் தெரிந்திருக்கும்.

“போட்டோ எடுக்கறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கம்பளிக்குள் எங்களுக்கு ஒரு காட்சி கிடைத்தது. மூடியின் வெளிப்புறத்தில், ஒரு ஒயர் இறங்கும் குழியிலிருந்து அடுத்த குழிக்கு, முடி போல ஒரு நீலப் பொறி ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் குறுக்கு வழியில் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. மாமா என் தோளைத் தட்டினார். மூடியைப் பெட்ரோலில் நனைத்த துணியால் பளபளவென்று துடைத்தோம். அன்று முழுக்க வண்டி அருமையாக ஓடியது.

அடுத்த நாள் காலை மறுபடி விக்கல். மறுபடி துடைத்தோம். மறுபடி விக்கல். அதற்குள் புறப்பாட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

சாயங்காலம் மாமா படியில் உட்கார்ந்துவிட்டார். “எப்பலருந்து மச்சான் இது ஆரம்பிச்சுது?”

தேதி விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. “பதினேழு, திங்கக்கிழமை. மந்திரிச்ச பிறகு முதல் தடவையா எடுத்தப்ப.”

மனசில் வந்ததை வாயால் சொல்ல ரெண்டு பேருக்குமே தைரியம் இல்லை.

“தண்ணின்னா அன்னிக்கே காஞ்சிருக்கும்,” என்றார் மாமா, யாரையோ காப்பாற்றுகிற குரலில்.

உள்ளே புளியோதரைக்குத் தாளித்துக்கொண்டிருந்த அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். “தீர்த்தம் வெறும் தண்ணியா? உப்பு போட்டுத்தானே மந்திரிக்கிறாங்க.”

எனக்கு எல்லாம் விளங்கியது. தண்ணீர் காய்ந்து, உப்பு ஒரு படலமாக மூடியில் தங்கிவிட்டது. பெங்களூர் விடியற்கால ஈரத்தில் உப்பு கசியும், கசிந்த இடத்தில் மின்சாரம் பாயும், வெயிலில் காய்ந்துவிடும்.

“அதான் பெட்ரோல் போட்டு அத்தனை தடவை தொடச்சோமே,” என்றேன்.

“பெட்ரோல்ல உப்பு கரையுமா தம்பி? தண்ணில கழுவு.”

மாமா எழுந்துவிட்டார். “கரன்ட் போற சாமான யாராவது தண்ணில போடுவாங்களாடி?”

“போட்டவர் நீங்கதான். நான் கழுவத்தான் சொல்றேன்.”

ரயிலில் போவேன் என்றவளே மூடியை வாங்கிக்கொண்டு போய், வெந்நீரில் அரிசி களைவதுபோல ஒன்றுக்கு மூன்று தண்ணீர் விட்டு அலசினாள். முதல் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டவில்லை. மந்திரித்த உப்பு அதில் இருக்கிறது என்று ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். மூடி ராத்திரி முழுக்க அடுப்பு மேடையில், இளஞ்சூட்டில், வெள்ளைத் துண்டின்மேல் கிடந்தது.

சனிக்கிழமை விடிந்தபோது தூறல். இதைவிட மோசமான பரீட்சை கிடைக்காது. மாமா மூடியை மாட்டி, ஸ்டார்ட் செய்தார். அக்கா குடையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “மேட்டுக்குப் போங்க,” என்றாள். லிங்கராஜபுரம் பக்கத்து ஏற்றத்தில் வண்டி ஏறியது. நான் பின்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு விக்கலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மாமா வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, மறுபடி மிதித்தார். அப்போதும் வரவில்லை. அக்கா ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும், “புளியோதரை தூக்கு ஸ்டவ்வுக்குப் பக்கத்துல வரட்டும், சாயாம வைங்க,” என்றாள். மாமாவுக்கு அது போதும். ஆனால் எஞ்சினை நிறுத்த மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. அது ஓடிக்கொண்டே இருக்க, தெருவெல்லாம் புகை மண்ட, பாயும் பானையும் பிள்ளைகளுமாக எல்லாவற்றையும் ஏற்றினோம்.