போன வழியே திரும்பாத பீங்கான் வில்லை

பிடிவாதக்காரப் பொருளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பதுதான் என் தொழில். அப்படி ஒன்றோடு மல்லுக்கட்டியவர்களுக்கு என் பாடு புரியும்.

எழுபதுகளில் வாளையார் ரோட்டோரம் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். மின்சாரம் கொடுத்தால் மயிரிழையிலும் குறைவாக நீளும் பீங்கான் வில்லை ஒன்று. அதை வைத்து ஒரு கண்ணாடியைத் துல்லியமாகத் திருப்ப வேண்டும். மின்சாரத்தைக் குறைத்தால் வில்லை சுருங்கும். ஆனால் நீண்ட வழியே திரும்பாது. அந்தக் கோணலுக்குச் சமன்பாடு எழுதத்தான் எனக்குச் சம்பளம்.

துள்ளல்

பகலில் வில்லையின் அளவு துள்ளிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு துள்ளலுக்கும் சமன்பாட்டில் ஒரு வால் சேர்த்தேன். சமன்பாடு ஒரு முழுப் பக்கத்துக்கு நீண்டது. ஒருநாள் எல்லைச் செக்போஸ்டில் ஏதோ தகராறு, ரோட்டை அதிரவைத்து ஓடும் சிமெண்ட் லாரிகள் நின்றுவிட்டன. துள்ளலும் நின்றது. எங்கள் தலைவர் மேனன் சார் என் தாளை வாங்கிப் பார்த்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "நீ எழுதியது வில்லையின்டெ சமன்பாடு அல்ல, சிமெண்ட் லாரியின்டெ."

பெண் பார்த்த கதை

எல்லையோரக் கோபாலபுரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். "ஏனுங்க, உங்களுக்கு என்ன வேலைங்க?" என்றார் பெண்ணின் அப்பா. அம்மா என் காலை மிதித்தும் கேட்காமல் முழுவதையும் விளக்கினேன். கூடத்தில் இருந்தவர்கள் பஜ்ஜித் தட்டில் இறங்கிவிட்டார்கள். கதவோரம் நின்ற பெண், சரஸ்வதி மட்டும், "கரண்ட் போயிருச்சுன்னா அது என்ன பண்ணுமுங்க?" என்றாள். "பழைய இடத்துக்கு முழுசா வராதுங்க" என்றேன். அங்கேயே எனக்குப் பிடித்துப்போனது. அவளுடைய அப்பா காபியை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க மூத்த மாப்பிள்ளையும் அப்பிடித்தானுங்க, வெளிய போனா நேரா ஊடு வந்து சேரமாட்டாரு. கல்யாணத்துக்கப்புறம் அவருக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க."

வெளிச்சப் புள்ளி

வில்லை முன்பு எந்த உச்சிவரை நீண்டதோ அதை நினைவில் வைத்திருக்கிறது, அதுதான் கோளாறு என்று பிடிபடச் சில வருடங்கள் ஆயின. ஒவ்வொரு முறையும் முதலில் உச்சிக்குக் கொண்டுபோய் இறக்கினால் பழசை மறந்து, கணக்குக்குக் கட்டுப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்து கருவி செய்யும் கம்பெனி முதலாளி பார்க்க வந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் எங்கள் வேலையே நின்றுவிடும். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் சுவரில் நகர்ந்து, புறப்பட்ட இடத்தில் நாங்கள் போட்டிருந்த பென்சில் கோட்டுக்கே மிகச் சரியாகத் திரும்பியது. மேனன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். ஆனாலும் சுவரைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. "எல்லாஞ் செரிங்க. பொறப்பட்ட எடத்துலயே வந்து நிக்கறதுக்கா இத்தன வருசமாச்சு?"

ஒழுங்காகச் செய்தால் ஒன்றுமே செய்யாத மாதிரி தெரியும் வேலைக்குத்தான் நான் அவ்வளவு படித்திருக்கிறேன்.