ஓஸ்வால்டின் இடது கைக் கையெழுத்து

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசியில், பெங்களூரின் பங்கு வணிகம் முழுவதும் ஆஸ்டின் டவுன் ஓஸ்வால்டின் இடது கையை நம்பி மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சரி, முழுவதும் இல்லை. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். நின்றது அடுகோடியில் ஒரு பங்குத் தரகரின் மாடி அறை. அந்த அறையிலும் சேஷகிரி என்று ஒரே ஒரு குமாஸ்தா. அவரும் நிற்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார்.

ஓஸ்வால்ட் யாரென்றால், பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் லிஃப்ட் ஓட்டியவர். ஏழு மாடிக் கட்டடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டே மேலே போவார், நின்றுகொண்டே கீழே வருவார். கூட்டிப் பார்த்தால் இமயமலையை முந்நூறு தடவை ஏறி இறங்கியிருப்பார், ஒரு தடவைகூட உட்காராமல். லிஃப்டில் ஸ்டூல் கிடையாது. கேட்கவும் வழியில்லை. டைரக்டர்கள் ஏறினால் லிஃப்ட்காரர் வாயைத் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஓய்வு பெற்ற மறுமாதமே அதே கம்பெனியில் பத்துப் பங்கு வாங்கினார். லாபத்துக்காக வாங்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை பங்குதாரர் கூட்டம் நடக்கும். பெயர் பதிவேட்டில் இருந்தால் போதும், பத்துப் பங்குக்காரரும் எழுந்து சேர்மனைக் கேள்வி கேட்கலாம். ஓஸ்வால்ட் மூன்று வருடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: தனக்குப் பிறகு லிஃப்டுக்கு வந்த நாகேஷுக்கு ஸ்டூல் போடுவீர்களா, மாட்டீர்களா? முதல் வருடம் சேர்மன் சிரித்தார். இரண்டாம் வருடம் குறித்துக்கொண்டார். மூன்றாம் வருடம், "அடுத்த கூட்டத்துக்கு வாங்க மிஸ்டர் ஓஸ்வால்ட், முடிவா பதில் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்துக்கொண்டேதான் ஓஸ்வால்ட் அந்த வருடம் முழுக்கச் சாப்பிட்டார், தூங்கினார்.

கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தபோது அடுகோடியிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய பங்குகளைக் கணக்கில் வைத்திருந்த தரகர் தொழிலை மூடுகிறார். 31ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் பங்குகளை வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஓஸ்வால்ட் வீட்டு மாடியில் குடியிருந்த கிருத்திகா வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அந்த வருடம் அவள் ஆபீஸில் எல்லோரும் ஆன்லைனில் பங்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவளே படிவம் நிரப்பி அனுப்பி, ஓஸ்வால்டுக்கும் அப்படி ஒரு புதுக் கணக்கு திறந்து கொடுத்தாள்.

"அங்கிள், இனிமே பாஸ்வேர்ட் இருந்தா போதும். பழைய இடத்துல மட்டும் பங்கை மாத்திவிட டெலிவரி ஸ்லிப்னு ஒண்ணு குடுப்பாங்க. அதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுங்க, அவ்ளோதான்."

புதன்கிழமை ஓஸ்வால்ட் போனார், ஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டார். சேஷகிரி ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து அதையும் கோப்பில் இருந்த மாதிரிக் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்த நேரத்தில் ஒரு தேங்காயைத் துருவி முடித்திருக்கலாம்.

"மேட்ச் ஆகல சார்."

"என் கையெழுத்துதான் சார். உங்க எதிர்லதான போட்டேன்."

"நீங்க போட்டதை நான் பாத்தேன். கோப்புல இருக்கிறவர்தான் ஒத்துக்க மாட்டேங்கிறார். நோடி, நீங்களே பாருங்க." கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

மழையில் மாட்டிய வெட்டுக்கிளி மாதிரி ஒரு கையெழுத்து. ஒரு பக்கமாகச் சாய்ந்து, கால்களைப் பரப்பி, கடைசியில் நீளமாக ஒரு வாலை இழுத்துக்கொண்டு கிடந்தது. ஓஸ்வால்டுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்றரை வருடம் முன்பு, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. புத்தூர் கட்டோடு வந்து, இடது கையால் கையெழுத்துப் போட்டுத்தான் இந்தக் கணக்கைத் திறந்தார்.

"அப்ப எடது கையாலயே போடுங்க" என்றார் சேஷகிரி.

போட்டார். சேஷகிரி உதட்டைப் பிதுக்கினார். "இது ஸ்வல்ப ஜாஸ்தி நல்லா இருக்கு."

"கையெழுத்து மாறிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டா?"

"அதுக்குத் தனி ஃபாரம். பேங்க் மேனேஜர் சாட்சி வேணும். பதினஞ்சு நாள் ஆகும். நாங்களே மூணு நாள்தான் இருப்போம்."

"அப்புறம் என் பங்கு எங்க போகும்?"

"அது எனக்கே தெரியல சார். கொஞ்ச நாள் அந்தரத்துல நிக்கும். அந்த நேரம் பதிவேட்டுல பேர் இருக்குமான்னு என்னைக் கேக்காதீங்க."

பெயர் இல்லையென்றால் கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. அழைப்பு இல்லையென்றால் சேர்மன் தன் பதிலை ஓஸ்வால்டின் காலி நாற்காலியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஓஸ்வால்ட் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தார்.

அன்று சாயங்காலம் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பயிற்சி தொடங்கியது. அங்கேதான் வினை. போடப் போட இடது கை தேறிக்கொண்டே போனது. வியாழக்கிழமை காலையில் அது கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம் போன்ற ஒரு கையெழுத்தைப் போட்டது. அவருடைய மனைவி சரசு காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா இது, ஹெட்மாஸ்டர் கையெழுத்து மாதிரி? கோணலா ஒண்ணு போடத் தெரியல உனக்கு. அன்னிக்கு எப்டிப் போட்ட?"

"அன்னிக்குக் கட்டு இருந்துச்சு. தோள் இழுத்துச்சு. உடம்பே ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு."

"அப்ப கட்டுப் போட்டுக்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஓஸ்வால்ட் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேறு வழியில்லாமல் அவளும் கூடப் போனாள். ஓசூர் ரோட்டில் புத்தூர் கட்டுப் போடும் சின்னப்பா, வலது கையை வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல."

"எப்ப விழுந்தீங்க?"

"மூணரை வருஷம் ஆச்சு."

"அதுக்கு நாந்தான கட்டுனேன். எலும்பு ஜம்முனு கூடியிருக்கே."

"கூடியிருக்கு. அதே மாதிரி இன்னொரு கட்டு வேணும், அண்ணா. ஷேர் மாத்தணும், கையெழுத்து ஒத்து வரல."

சின்னப்பா முகம் தெளிந்தது. "ஆபீஸ் விஷயமா? மொதல்லயே சொல்றதில்ல? நான் கைக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்." முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். ஒரே ஒரு நிபந்தனை: அவர் போட்ட கட்டை இருபத்தொரு நாளுக்கு முன்னால் யாரும் அவிழ்க்கக் கூடாது, கை நல்ல கையாக இருந்தாலும் சரி.

வெள்ளிக்கிழமை மதியம் அடுகோடி அறையில் மேசை, சேஷகிரி, அந்தக் கோப்பு மூன்றும்தான் மிச்சம். நாற்காலிகளை ஏற்கெனவே ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சேஷகிரி கவிழ்த்துப் போட்ட பக்கெட் மேல் உட்கார்ந்திருந்தார். முட்டை நாற்றம் முதலில் நுழைந்தது, பின்னால் ஓஸ்வால்ட், அவர் பின்னால் சரசு.

கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருக்களித்துச் சாய்ந்து இடது கையால் போட்டார். வெட்டுக்கிளி வந்தேவிட்டது. அதே சாய்வு, அதே கால்கள். சேஷகிரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் சரி. வால் வரல."

இன்னொரு ஸ்லிப். அதிலும் வால் வரவில்லை. புத்தகத்தில் கடைசியாக ஒரே ஒரு ஸ்லிப் மிஞ்சியது. சரசு கோப்பைக் கையில் வாங்கி அந்த வாலை உற்றுப் பார்த்தாள்.

"சார், இது அவர் இழுத்த கோடு இல்ல. பேனா நின்ன எடத்துலயே நிக்குது, தாள்தான் நகர்ந்திருக்கு. அன்னிக்குத் தாளை யார் புடுங்குனது?"

சேஷகிரி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவருக்கு அவசரம். ஓஸ்வால்ட் முடிக்கும் முன்பே படிவத்தை உருவிக்கொண்டவர் அவர்தான்.

"நானா இருக்கலாம்" என்றார் மெல்ல. "அதுக்காக? கஸ்டமர் கையெழுத்துல நான் கை வைக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"ஏற்கெனவே வெச்சுட்டீங்களே சார். கோப்புல இருக்கிறதுல பாதி உங்க கையெழுத்து. நீங்க இழுக்கலன்னாதான் அது போலி."

சேஷகிரி எழுந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஸ்லிப்பின் ஓரத்தைப் பிடித்தார். ஓஸ்வால்ட் சாய்ந்தார். வெட்டுக்கிளி வந்தது, கடைசி எழுத்தில் பேனா நின்ற நொடியில் சேஷகிரி உருவினார். அரை அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பூதக்கண்ணாடியைத் தேடக்கூட இல்லை அவர். முத்திரையைக் குத்திவிட்டு, "இந்த ஆபீஸ்ல நான் பாத்த நல்ல வேலை இதுதான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கிருத்திகாவின் கம்ப்யூட்டரில் பத்துப் பங்கும் வந்து உட்கார்ந்திருந்தன. கூட்டத்துக்கு அழைப்பும் வந்தது. இருபத்தொரு நாள் முடியாததால் ஓஸ்வால்ட் கட்டோடுதான் போனார். அவர் எழுந்ததுமே மண்டபம் அடங்கியது. கேள்வி கேட்பதற்காகக் கையை உடைத்துக்கொண்டு வந்த பங்குதாரர் என்று யாரோ பரப்பியிருந்தார்கள். சேர்மன் மேடையை விட்டு இறங்கிவந்து, கட்டைத் தொட்டுப் பார்த்து, "ஸ்டூல் போடுறோம்" என்றார். அன்றிலிருந்து நாகேஷ் அந்த லிஃப்டில் ஜம்மென்று ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஏழு மாடியும் போய் வருகிறான்.

இதுவரை எழுதியதை ஓஸ்வால்டிடமே படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டவர், கடைசியில் சொன்னார்: "ஸ்டூல் இல்லம்மா, பெஞ்சு போட்டாங்க. நல்ல தேக்கு பெஞ்சு. அதுல டைரக்டருங்க உக்காந்துக்கிறாங்க. நாகேஷ் நின்னுட்டுதான் இருக்கான்."