மாலை இல்லாமல் ஒரு படம்

அந்த அம்பாசிடரைப் படம் பிடித்தது நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தமாகச் சொல்வேன்.

தொண்ணூறுகள் முடியப்போகிற நேரம். காரைக்குடியில் புதிதாக வந்த பிரவுசிங் சென்டர் ஒன்றில் எனக்கு வேலை. அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். இடுப்பில் டிஸ்க் விலகி, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை விற்றாக வேண்டும். சிங்கம்புணரியிலிருந்து வந்த புரோக்கர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "எடைக்குத்தாண்ணே போகும். இரும்புக் கடையில சொல்லி விடவா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷத்தில் ஒரு கல்யாண மாப்பிள்ளையைக்கூட நடுரோட்டில் இறக்கிவிடாத வண்டியை உடைத்து எடை போடுவதா? இன்டர்நெட்டில் போட்டு, ஓட்டுகிற ஆளுக்கே விற்றுக் காட்டுகிறேன் என்று வீட்டில் சவால் விட்டேன்.

படம் எடுக்கும் பொறுப்பை முதலில் அப்பாவிடம் விட்டதுதான் நான் செய்த தப்பு. எங்கள் வண்டிக்கு முக்கியமான வேலையே மாப்பிள்ளை அழைப்பு. மாலை இல்லாத காரை யாரும் போட்டோ எடுத்து அவர் பார்த்ததில்லை. அவர் கூட்டிவந்த ஸ்டூடியோக்காரரும் அவரும் சேர்ந்து பானெட்டில் ரோஜா மாலை சாத்தி, கண்ணாடிக்குச் சந்தனம் வைத்து, முன்னால் குடும்பத்தையே நிறுத்திவிட்டார்கள். அம்மா பட்டுச்சேலையில். சித்தப்பா வேட்டி சட்டையில். ஆறு படத்திலும் சித்தப்பாவின் தொப்பை பளிச்சென்று தெரிந்தது. காரைத்தான் காணோம்.

வேறு வழியில்லாமல் அதில் ஒன்றை ஸ்கேன் செய்து, பழைய வண்டிகள் விற்கும் வெப்சைட்டில் போட்டேன். ஒரே ஒரு மெயில் வந்தது. தை மாசம் தம்பிக்குக் கல்யாணம், வண்டி கிடைக்குமா, டிரைவர் பேட்டா தனியா என்று கேட்டிருந்தார் ஒரு மதுரைக்காரர். கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

மறு ஞாயிற்றுக்கிழமை கடை முதலாளியின் கேமராவை இரவல் வாங்கினேன். எங்கள் தெரு ஆகாது. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், பாதிக் காருக்கு எப்போதும் நிழல். சித்தப்பாவை ஓட்டச் சொல்லி, அப்பாவையும் ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் அரியக்குடிப் பக்கம் ஒரு ஊருணிக் கரைக்குப் போனோம். வெட்டவெளி. பின்னால் கண்ணை இழுக்க ஒன்றுமில்லை. வெயில் அப்போதுதான் இளசாக ஏறிக்கொண்டிருந்தது.

"ஏத்தா, வெறும் வண்டிய எடுத்தா மூளியால்ல தெரியும்?" என்றார் அப்பா.

"மூளியாவே தெரியட்டும், வண்டி தெரிஞ்சாப் போதும். நீங்க இங்குட்டு வந்து நில்லுங்க."

ஹெட்லைட் உயரத்துக்கு மண்ணில் மண்டியிட்டேன். முதல் படத்தில் என் நிழலே பானெட்டில் விழுந்தது. ஒன்று வீண். அப்புறம் சுதாரித்துக்கொண்டேன். நாலு மூலையிலிருந்தும் சாய்வாக நாலு. இன்ஜின், சீட்டு, மீட்டர், டிக்கியில் ஸ்டெப்னி. இடது பக்கம் வந்தபோது அப்பா கதவை ஒட்டி நின்றுகொண்டு நகரவே இல்லை. கதவின் அடியில் உள்ளங்கை அளவு துரு இருந்தது. அதைத் தன் காலால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்கப்பா."

"பொண்ணு பாக்க வர்றவககிட்ட குறையத்தான் முதல்ல காட்டுவாகளா?"

"மறைச்சுக் கட்டிக் குடுத்தா மறுவாரமே பொறந்த வீட்டுக்கு அனுப்பிருவாக. தள்ளுங்க."

முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார். துருவை மட்டும் இரண்டு படம் எடுத்தேன்.

ஒவ்வொரு படமும் வெப்சைட்டில் ஏறுவதற்குள் ஒரு உலை கொதித்துவிடும். நடுவில் போன் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து பத்துப் படத்தையும் ஏற்றினேன்.

ஒரு மாசம் கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்தார். மில்லில் வேலை, குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வண்டி தேடுகிறவர். என் படங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் வண்டியோடு ஒத்துப் பார்த்தார். துருவுக்கு முன்னால் குனிந்து கொஞ்ச நேரம் இருந்தார். "படத்துல இருக்கறதுதாங்க இருக்குது. இதைப் பாத்துட்டுத்தான் நம்பி வந்தேன்" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், விலை படிந்தது, சாவிக்குக் கையை நீட்டினார்.

அப்பா சாவியைக் கொடுக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும். மழை பேஞ்ச மறுநாக் காலையில செல்ஃப் எடுக்காது. ரெண்டு ஆளு தள்ளணும். அது படத்துல வராதுல்ல, அதான் வாயால சொல்றேன்."

கெட்டது குடி என்று நினைத்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில் அப்பாவைப் பார்த்து எனக்கு வந்த பெருமை, வேறு எதற்கும் எப்போதும் வந்ததில்லை. வந்தவர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊட்டுல ஆளு இருக்குதுங்க, தள்ளிக்கலாம். சாவியக் குடுங்க."

கார் தெருமுனை திரும்பியதும் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். "வண்டியக் குடுத்துட்டீகளா? இரும்புக் கடைக்கா?"

"ஓட்டுறவரு வாங்கியிருக்காரு" என்றார் அப்பா.