கோழி வயிற்றுக்குள் ஒரு றாத்தல் பாண்

பாணை அயன் பண்ணிய மனிதனை நீங்கள் சந்தித்திருக்க வாய்ப்பில்லை. நான்தான் அவன். சட்டைக்குப் போடும் அயன்பெட்டியால், துண்டு துண்டாக, இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு, பேக்கரியில் வாங்கிய ஒரு றாத்தல் பாண் முழுவதையும் அயன் பண்ணினேன். யுத்தம் முடிந்த பிறகு வந்த முதல் கிறிஸ்மஸுக்கு முந்திய நாள் அது.

பாண் காய வேண்டும். அதுதான் பிரச்சினை. மார்கழியில் மட்டக்களப்பில் மீன் காயாது, உடுப்புக் காயாது, தலைமயிர்கூடக் காயாது. வாவி ரோட்டுக்கு ஏறிவரும் மாதம். முதலில் பாண் துண்டுகளைச் சுளகில் பரப்பிக் கூரைக்கு மேல் வைத்தேன். மழை அதைக் கஞ்சியாக்கியது. இரண்டாவது றாத்தலை மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். எறும்பு வந்தது. மூன்றாவது றாத்தலுக்குத்தான் அயன்பெட்டி.

"இஞ்சேருங்க, அதுக்குக் கொலரும் வெச்சு அயன் பண்ணுங்க" என்றாள் மனைவி, கதவு நிலையில் சாய்ந்து நின்றபடி.

"சிரிக்காத. நாளைக்குச் சாப்பிடக்குள்ள தெரியும்."

"ஓம், தெரியும்தான். பாணோட பொத்தானும் கடிபடும்."

அவள் சிரித்தாள் என்பதே எனக்குப் பெரிய காரியம். அதற்கான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் முன்பு கல்லடியில் கடலுக்குக் கிட்ட இருந்தோம். கிறிஸ்மஸ் என்றால் எங்கள் வீட்டில் பாண் திணித்த கோழி. வெங்காயம், ஈரல், கஜு, முந்திரிகை வற்றல், மிளகு எல்லாவற்றையும் பட்டரில் வதக்கி, உதிர்த்த காய்ந்த பாணோடு பிசைந்து, கோழியின் வயிற்றுக்குள் அடைத்து, நூலால் தைத்து, போறணையில், அதாவது பாண் சுடும் அடுப்பில், வேகவைப்பது. என் மனைவிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பறங்கிப் பெண்மணி. வெந்து முடிந்ததும் கோழியின் நெய்யெல்லாம் பாணில் ஊறியிருக்கும். மேசையில் கோழியை யாரும் கேட்கமாட்டார்கள். பாணுக்குத்தான் அடிபாடு. அந்த அடிபாட்டில் எப்போதும் வெல்பவர் மனைவியின் அக்கா.

சுனாமி வந்த வருடம் கிறிஸ்மஸ் அன்று அக்காவுக்கு வர முடியவில்லை. "நாளைக்குக் காலமை வாறன், என்ட பங்கை எடுத்து வை" என்று சொல்லியனுப்பினார். மனைவி ஒரு சாப்பாட்டுப் பெட்டி நிறையப் பாணை எடுத்து வைத்தாள். மறுநாள் காலை அக்கா கரையோர ரோட்டால் வந்துகொண்டிருந்தார். கடலும் அந்நேரம்தான் வந்தது. நாங்கள் பாலத்துப் பக்கம் ஓடித் தப்பினோம். வீடு போனது, பெட்டி போனது, அக்கா போனார்.

அதற்குப் பிறகு தொண்டு நிறுவனம் ஒன்று தன்னாமுனையில் கட்டித் தந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். கிறிஸ்மஸ் வந்தால் ஆராதனைக்குப் போவோம், உறவினர் வீட்டில் சாப்பிடுவோம். மனைவி அந்தப் பாணைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. எதையும் பகிடியாக்கிவிடும் எனக்கு அதில் மட்டும் பகிடி வரவில்லை.

அக்காவின் மகள் தகப்பனோடு திருகோணமலைக்குப் போய்விட்டாள். யுத்தத்தில் பாதை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததால் அவள் வளர்ந்ததை நாங்கள் பார்க்கவில்லை. யுத்தம் முடிந்த அந்த வருடம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"சின்னம்மா, கிறிஸ்மஸுக்கு வாறன். அம்மா சண்டை புடிச்சுச் சாப்பிடுற அந்தப் பாண் செய்வீங்களா?"

மனைவி "ஓம் புள்ள" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்ட கை போகாது. ஆனா அந்தப் புள்ள வாய் திறந்து கேட்டுட்டாள். இல்லையெண்டு சொல்ல ஏலா."

"நான் இரிக்கிறன்தானே" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில், நான் வாழ்நாளில் கருக்கிய தேநீர்க் கேத்தல்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "செய்ங்க. நல்லா வந்தா நானும் சாப்பிடுறன்" என்றாள். இப்படித்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் ஏறியது. கோழி வராவிட்டால் ஒரு பிள்ளை வெறும் மேசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். என் மனைவி அந்தப் பாணை இனி எந்தக் காலத்திலும் தொடமாட்டாள்.

கிறிஸ்மஸ் காலையில் மனைவியும் முந்திய நாள் பின்னேரம் வந்திறங்கிய பிள்ளையும் ஆராதனைக்குப் போனார்கள். தேவன் எனக்கு விடுமுறை தந்ததாக வைத்துக்கொண்டேன். அயன் பண்ணிய பாணை உதிர்த்தேன். வெங்காயம் வதக்கினேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு முன்னேற்றமும் செய்தேன். பாதை திறந்து கொழும்புச் சாமான்கள் நகரத்துக்குத் தாராளமாய் வரத் தொடங்கிய காலம். பெரிய கடையொன்றில் பன்றிச் சொசேஜ் வாங்கி வைத்திருந்தேன். அதைப் பொடிப்பொடியாய் வெட்டி உள்ளே சேர்த்தேன். வாசனை எழும்பியபோது, இத்தனை வருடம் மனைவி ஏன் இதைச் சேர்க்கவில்லை என்று அவளுக்காகப் பரிதாபப்பட்டேன்.

கோழியைத் தைத்து, தட்டில் வைத்து, வாழையிலையால் மூடி, மோட்டார் சைக்கிளின் கரியரில் கட்டினேன். போகவேண்டிய இடம் முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடி. எங்கள் வீடுகளில் போறணை கிடையாது. கல்லடியில் இருந்த காலத்தில் கிறிஸ்மஸ் கோழிகள் எல்லாம் காத்தான்குடிப் பேக்கரி ஒன்றுக்குத்தான் போகும். காலைப் பாண் சுட்டு முடித்த சூட்டில் முதலாளி எங்கள் தட்டுகளை உள்ளே தள்ளிவிடுவார். இடையில் சில வருடங்கள் அந்த ரோட்டில் தமிழரும் முஸ்லிம்களுமாக இரண்டு பக்கத்து மனிதர்களுமே யோசித்து யோசித்துத்தான் போய் வந்தார்கள். அப்போதும் கோழிகள் போய் வந்தன. தட்டைக் கொண்டுபோவது எப்போதும் மனைவிதான். நான் சாப்பிடும் பிரிவில் இருந்தேன்.

கல்லடிப் பாலத்துக்கு முன்னால் சோதனைச்சாவடி. இராணுவத்தினன் ஒருவன் இலையைத் தூக்கிப் பார்த்தான். ஓரளவு தமிழ் பேசினான்.

"இது ஏன் தைச்சது?"

"உள்ளுக்குச் சாமான் இரிக்கு" என்றேன்.

முப்பது வருட யுத்தம் பார்த்த மண்ணில், சோதனைச்சாவடியில் நின்று, தைத்த பொருளொன்றைக் காட்டி, உள்ளே சாமான் இருக்கிறது என்று சொன்ன ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். அவன் கேட்காமலே நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

"என்ன சாமான்?"

"பாண். பாண், சேர். பாணும் பண்டி இறைச்சியும். நத்தார்."

அவன் முகம் மலர்ந்தது. "ஆ, நத்தல்" என்று சிங்களத்தில் கிறிஸ்மஸைச் சொல்லி, போகக் கையைக் காட்டினான்.

பாலத்தில் ஏறினேன். பழைய பாலம், ஒரு வாகனம் போகும் அகலம். நடுவில் திருப்ப முடியாது. கீழே வாவி நிறைந்து கிடந்தது. சரியாக நடுப்பாலத்தில்தான் என் வாயால் நானே சொன்னது என் காதுக்குள் வந்து சேர்ந்தது. பாணும் பன்றி இறைச்சியும். காத்தான்குடிப் போறணைக்கு.

மனைவி ஏன் அதைச் சேர்க்கவில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. கோழியும் மனைவி வாங்கும் ஹலால் கோழி அல்ல, சந்தையில் நம்மவர் கழுத்து முறித்த கோழி. அதையும் அவர்கள் போறணைக்குள் ஏற்ற முடியாது. ஊர் முழுக்கப் பாண் சாப்பிடும் போறணை அது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். போன கோழி ஏன் திரும்பி வருகிறது என்று அந்த இராணுவத்தினனுக்கு விளக்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே முன்னே போனேன். சாரத்துக்குள் தண்ணீர் புகுந்தவன் போல நெளிந்து நெளிந்து ஓட்டினேன்.

பேக்கரிக்கு நன்றாகத் தள்ளி, தந்திக் கம்பத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனேன். முதலாளி தாடி நரைத்து இருந்தார். என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கல்லடித் தம்பியா? சுனாமிக்குப் பொறகு ஒரு பொழுதும் காணல்ல. வீட்டுக்காரி சுகமா? அவ வருசா வருசம் கோழிட காலச் செவப்பு நூலால கட்டிக் கொண்டருவா, மத்த ஆக்கள்ற தட்டோட மாறாம."

"சுகம், காக்கா" என்றேன். காத்தான்குடியில் மூத்தவர்களை அப்படித்தான் அழைப்போம். "கோழி கொண்டந்திரிக்கன்."

"எங்க?"

"வெளியில நிக்குது. உள்ளுக்கு வரப்படாது."

"ஏன், கோவமா?"

"வயித்துக்குள்ள பண்டி கிடக்கு, காக்கா."

மாப் பிசைந்துகொண்டிருந்த இருவரும் கையை நிறுத்தினார்கள். முதலாளி என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் சொல்லத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. மழை, சுளகு, எறும்பு, அயன்பெட்டி, சொசேஜ், பாலம், அக்கா, அக்காவின் மகள் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. அயன்பெட்டிக்கு வந்தபோது மாப் பிசைந்தவர்களில் ஒருவன் திரும்பி நின்று தோள் குலுங்கினான். அக்காவுக்கு வந்தபோது முதலாளி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அல்லாட காவல், நீங்க தூர நிப்பாட்டினது" என்றார். "இப்ப முதல்ல போய்க் கைய கழுவுங்க. பொறகு இன்னொருக்காக் கழுவுங்க. மறுகா, அந்தச் சந்தியில கோழிக்கடை இரிக்கு, நான் சொன்னெண்டு சொல்லுங்க. இண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போறதுக்கு முந்தி உள்ளுக்குத் தள்ளோணும்."

அதன் பிறகு நடந்ததை நான் இன்றும் பெருமையாகச் சொல்வேன். புதுக் கோழி வந்தது, ஈரலோடு. பக்கத்துக் கடையில் வெங்காயமும் பட்டரும் கஜுவும் வற்றலும் வாங்கினேன். பாண் அவர் தட்டிலிருந்து. துண்டாக்கி, போறணையின் தலைமேல் றஸ்க் காயும் தகரத்தில் பரப்பினோம். நான் மூன்று நாள் வானத்தோடு மல்லுக்கட்டியும் காயாத பாண், வெங்காயம் வதங்கி முடிவதற்குள் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது.

"அயன்பெட்டி வேணுமா தம்பி? வீட்டில இரிக்கு" என்றான் மாப் பிசைபவன்.

பிசைந்தேன், அடைத்தேன், தைத்தேன். முதலாளி மேசை லாச்சியைத் துழாவி எங்கோ கிடந்த சிவப்பு நூலை எடுத்துத் தந்தார். "காலக் கட்டுங்க. வேற தட்டு ஒண்டும் இல்லாட்டியும் பரவாயில்ல. கட்டுங்க." கட்டினேன். நீண்ட மரத்துடுப்பால் கோழியை உள்ளே தள்ளி வாயை மூடினார். பிறகு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார்கள்.

"நீங்கதான் காவல். என்ன நடந்தாலும் மூடியத் தொறக்காதீங்க."

கடைகள் பூட்டிய காத்தான்குடித் தெருவில், பூட்டிய பேக்கரிக்குள், ஒரு போறணைக்கு முன்னால் நான் தனியே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. நல்ல வாசனை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அது கருகல் வாசனை என்று என் மூக்கு சாதித்தது. எழும்பினேன், இருந்தேன், மூடிக்கு மூக்கைக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டேன். தொழுகை முடிந்து வந்த முதலாளி என் மூக்கைப் பார்த்தார்.

மூடியைத் திறந்தார். துடுப்பால் தட்டை இழுத்தார். கோழி செம்பு நிறத்தில் பளபளத்துக்கொண்டு வெளியே வந்தது. தையல் ஓரத்தால் பிதுங்கிய பாண் பொன்னிறமாய் மொறுகியிருந்தது. மாப் பிசைபவன் கை தட்டினான். நான் ஊர்வலத்தில் போகும் ராசாவைப் போல நின்றேன்.

"தட்டத் திருப்பிக் கொண்டு வாங்க" என்றார் முதலாளி. "அதுக்குள்ள வேற ஒண்டும் வெச்சிராதீங்க."

சோதனைச்சாவடியில் அதே இராணுவத்தினன். கரியரில் வெந்த கோழி. கைப்பிடியில் தொங்கிய பையில் வேகாத பழைய கோழி, தையல் பிரியாமல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒண்டு போனது. ரெண்டு வருது?"

"நத்தார், சேர்" என்றேன். வேறு விளக்கம் என்னிடம் இருக்கவில்லை. அவனுக்கும் அது போதுமாயிருந்தது.

வீட்டில் இருவரும் பசியோடு வாசலில் நின்றார்கள். மனைவியின் கண் முதலில் போனது கோழியின் காலில் இருந்த சிவப்பு நூலுக்கு. அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் மூக்கைப் பார்த்தாள்.

"அதையும் அயன் பண்ணினீங்களா?"

மேசையில் வைத்துத் தையலை வெட்டினேன். பாண் ஆவி பறக்க வழிந்து கொட்டியது. பிள்ளை கரண்டியைத் தள்ளிவிட்டுக் கையால் அள்ளினாள், அவள் அம்மா செய்வது போலவே. மற்றக் கையால் கோப்பையை யாரும் தொடாதபடி அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அதுவும் அம்மா செய்வதுதான்.

"சித்தப்பா, உங்களுக்குக் கோழி. பாண் எனக்கு" என்றாள்.

"அப்ப எனக்கு?" என்று கேட்டது என் மனைவி.

கோப்பையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை விடவில்லை. இருவரும் இழுத்தார்கள், மேசை விரிப்பில் பாண் சிந்தியது. மனைவி ஒரு பிடி வாயில் போட்டு மெல்ல மென்றாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மிளகு கொஞ்சம் காணாது" என்றாள். அடுத்த பிடியையும் எடுத்தாள். அதற்கடுத்ததையும்.

பன்றிக் கோழியை மறுநாள் சட்டியில் போட்டு, மூடியில் தணல் கொட்டி வேகவைத்தேன். அது சுமார்தான். முன்னேற்றங்கள் பெரும்பாலும் சுமார்தான்.

கிறிஸ்மஸ் அன்று சாப்பிட்டு முடிந்ததும் மனைவி அலுமாரியிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக் கழுவினாள். மிஞ்சிய பாணை அழுத்தி அழுத்தி நிரப்பி, மூடி, சிவப்பு நூலால் சுற்றிக் கட்டினாள். மறுநாள் காலை கல்லடிக் கரையில் அக்காவுக்காகச் செபம் முடித்துக்கொண்டு பிள்ளையைத் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றினோம். பெட்டி அவள் மடியில் இருந்தது.

பின்னேரம் தொலைபேசி அடித்தது. மனைவிதான் எடுத்தாள்.

"வந்து சேந்துட்டன், சின்னம்மா. பெட்டி காலி."