வாரண்டி முடிந்த பிறகும் அம்மா ஓட்டிய வண்டி

அம்மா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்த உறவினர்கள், சந்தை வியாபாரிகள், சக ஓட்டுநர்கள் கையில் இந்த நினைவு மலர் சேருகிறது. அம்மாவைப் பொறுமைசாலி என்று எழுதும்படி சிலர் சொன்னார்கள். பொய் எழுத எனக்கு மனமில்லை. அம்மா எதையும் மறக்காதவர்.

இலத்தூரில் பிறந்து, கீழப்பாவூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் அவர். அப்பா வாடகை வண்டி ஓட்டினார். நான் எட்டாம் வகுப்பு படிக்கையில் அப்பா நெஞ்சுவலியில் இறந்ததும், முப்பது நாள் கழித்து அம்மா ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். தோட்டங்களில் எலுமிச்சை ஏற்றிப் புளியங்குடி மார்க்கெட்டுக்குக் கொண்டு போவதுதான் தொழில். சில ஆண்டுகள் அப்பாவின் பழைய வண்டியை ஓட்டினார். பிறகு புதிதாக ஒரு பிக்கப் வாங்க முடிவு செய்தார்.

தென்காசியில் இருந்த ஷோரூம் மேலாளர், மூன்று வருட வாரண்டியோடு மேலும் இரண்டு வருடம் சேர்த்து எடுக்கச் சொன்னார். ஆனால் ஒவ்வொரு சர்வீஸையும் அவர்களிடமே செய்ய வேண்டும். வெளியே ஒரு போல்ட்டைத் திருகினாலும் வாரண்டி போய்விடும். கல்ஃபில் பட்டறை வேலை பார்த்துத் திரும்பிய சாகுல் பாய் எங்கள் தெருமுனையிலேயே இருந்தார். அவரிடம் விட்டால் வேலையும் சுத்தம், காத்திருப்பும் இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா என்னிடம் யோசனை கேட்டார்.

"ஏட்டி, காகிதம் அஞ்சு வருஷம். நான் வண்டிய பதினஞ்சு வருஷம் வச்சு ஓட்டுவேன். மிச்சத்துக்கு யாரு பாப்பா?"

"பாய் இருக்காருல்லாம்மா."

"அதான். ஆனா முத அஞ்சு வருஷம் பெரிய செலவு வந்தா தாங்க முடியாது. அவன் சொல்லுதத நம்பி எடுப்போம்."

நம்பித்தான் எடுத்தார். நான்கு வருடம் ஒரு சர்வீஸைக்கூடத் தவறவிடவில்லை. ஒருமுறை மட்டும், ஆயில் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று ஷோரூமிலேயே திருப்பி அனுப்பினார்கள். அம்மா அடுத்த வாரம் போனார்.

நான்காம் வருடச் சீசனில், குற்றாலத்துக் கடைகளுக்கு எலுமிச்சை ஏற்றிப் போகும்போது கியர்பாக்ஸ் உடைந்தது. சாரலில் நனைந்தபடி அம்மா தனியாக மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றினார். பிறகு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனோம். செய்தி கேட்டு வந்த நானும் கூட இருந்தேன்.

மேலாளர் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டி, அந்த ஒரு வாரத் தாமதத்தின் மேல் விரலை வைத்தார். வாரண்டி செல்லாது என்றார். அனுப்பியதே உங்கள் ஆட்கள்தான் என்று அம்மா சொன்னபோது, வண்டி பார்க்க வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி பேசினார்:

"கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுனா கியர்பாக்ஸ் போகத்தான் செய்யும். பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வண்டி? எங்ககிட்டயே குடுத்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கிட்டுப் போங்க."

சிலர் சிரித்தார்கள். அம்மா சர்வீஸ் புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்தார். வெளியே வந்து என்னிடம், "சிரிச்சவன் மூஞ்சி எல்லாம் பாத்துக்கிட்டேன்" என்றார்.

சாகுல் பாய் கியர்பாக்ஸைப் பிரித்து, தேய்ந்து உருக்குலைந்த ஒரு பேரிங்கை எடுத்துக் காட்டினார். "அக்கா, இது ஓட்டுனவங்க தப்பு இல்ல. செஞ்சவன் தப்பு."

பாய் வேறு பேரிங் போட்டு வண்டியை ஓட வைத்தார்; உடைந்ததை அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்துக்கொண்டார். வாரண்டி நிபந்தனைகளைத் தமிழில் தட்டச்சு செய்து நகலெடுத்தார். வண்டியின் பின்கதவில் 'இந்த வண்டிக்கு வாரண்டி இருந்தது' என்று பெயிண்டில் எழுத வைத்தார். அதன் கீழே, வண்டி ஓடிய கிலோமீட்டரைச் சாக்பீஸால் எழுதி மாற்றிக்கொண்டே வந்தார். திங்கட்கிழமைதோறும் லோடு இறக்கிய பிறகு ஷோரூமுக்கு எதிரே ஜூஸ் கடை வாசலில் வண்டியை நிறுத்துவார். வண்டி வாங்க வருகிறவர்களிடம் பேரிங்கைக் காட்டி, நகலைக் கையில் கொடுப்பார். புளியங்குடி ஓட்டுநர்கள் திருநெல்வேலிக்குப் போய் வண்டி எடுக்கத் தொடங்கினார்கள்.

"விட்டுத் தொலை, பொம்பள இப்படி ரோட்டுல நிக்கலாமா" என்று சொன்ன உறவினர்கள் உண்டு. அவர்களும் இதை வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா இப்படி நிற்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் மேலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். புது கியர்பாக்ஸ் போட்டுத் தருகிறேன், வாசலில் நிற்பதை நிறுத்துங்கள் என்றார். அம்மா தண்ணீர் கொடுத்தார்.

"கியர்பாக்ஸ் வேண்டாம், தம்பி. அன்னைக்கு எத்தன பேர் முன்னால சொன்னீங்களோ, அத்தன பேர் முன்னால தப்புன்னு சொல்லுங்க. அது போதும்."

"அது எப்படிம்மா முடியும்?"

"அப்ப திங்கக்கிழம பாப்போம்."

அடுத்த ஆண்டு ஷோரூம் மூடப்பட்டது. அவர் வேலை இழந்து வேறு ஊருக்குப் போனார். செய்தி வந்த அன்று அம்மா ஐந்தருவிக்கு வண்டியை ஓட்டிப் போய், ஆசை தீரக் குளித்து வந்தார். ஷோரூமில் வேலை செய்த மற்றவர்களும் பாதிக்கப்பட்டார்களே என்று கேட்டேன். "அவங்களுக்காக வருத்தம் உண்டு. அவனுக்காக இல்ல" என்றார்.

வண்டி மொத்தம் பதினாறு வருடம் அம்மாவிடம் ஓடியது. கடைசி மூன்று மாதம் புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. இந்த மலரைப் பற்றிப் பேசியபோது, "அவன் பேர எழுதாத. எழுதுனா அவனுக்குப் பெருமை" என்றார். எழுதவில்லை.

அம்மாவை இரவு பகலாகக் கவனித்த செவிலியருக்கும், கூலி வாங்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்ட சாகுல் பாய்க்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த புளியங்குடி ஓட்டுநர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

மேலாளரின் இப்போதைய முகவரியைத் தேடிப் பிடித்துவிட்டேன். அச்சகத்திலிருந்து வரும் முதல் பிரதி பதிவுத் தபாலில் அவருக்குப் போகும். வாங்க மறுத்தால், நானே நேரில் கொண்டு போய்க் கொடுப்பேன். வண்டி நல்ல ஓட்டத்தில் இருக்கிறது.